நிறுத்துப் பார்த்த இலை

போன வைகாசியில் மேல்ஆலத்தூரில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். பங்காளி வீட்டு மருமகள் ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள்: “அந்த பீடி விசயத்துல நீங்கதான் முன்னாடி நின்னீங்களாமே அத்தை. எப்டி அவ்ளோ தைரியம் வந்துச்சு?”

அம்மா சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்: “எனக்கு இன்னாமே தைரியம்? அன்னிக்குக் காலைல மூணு வாட்டி வயித்தக் கலக்கிடுச்சு. பஸ் ஏறமாட்டேன்னுதான் சொன்னேன். இவதான் கையப் புடிச்சி இழுத்துகினு போனா.”

‘இவ’ என்றது என்னை. நான் இழுத்தது பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். அதற்கு ஒரு வருசத்துக்கும் மேலே முன்னாடி, யாரும் இழுக்காமல், யாரிடமும் சொல்லாமல் அம்மா ஒரு காரியம் செய்திருந்தாள். பீடிக்குக் கொடுத்த இலைக்கட்டைப் புடவைத் தலைப்பில் மறைத்து எடுத்துப் போய், அடுத்த தெரு மளிகைக் கடையில் நிறுத்துப் பார்த்தாள்.

எங்கள் ஊர் குடியாத்தம். கைலித் தறி, தீப்பெட்டி, பீடி, இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாத தெரு குறைவு. நைனா தறிக்காரர். அம்மா பீடி. ராத்திரி இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பாள். விடிகாலையில் தகரத்தில் செய்த அளவுத் தகட்டை வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடித்து, 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். இடையில் சமையல், தண்ணீர்க் குழாய், என் தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவது. மடியில் இருக்கும் முறம் இறங்கி இறங்கி ஏறும். சாயங்காலம் ஆயிரத்தையும் எண்ணிக் கட்டி எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வரவேண்டும்.

வாங்கிக்கொள்பவர் காண்ட்ராக்டர். கம்பெனி எங்கேயோ இருந்தது. கம்பெனி முதலாளியை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை, பீடிக்கட்டில் ஒட்டும் லேபிள்தான் தெரியும். எங்களுக்கு எல்லாம் அந்தக் காண்ட்ராக்டர்தான். அவரை நாங்கள் ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். யாருக்காவது பிரசவம் என்றால் ஐந்நூறு கொடுப்பார். வைகாசி முதல் தேதி கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குத் துணியெடுக்க எல்லா வீட்டுக்கும் முன்பணம் கொடுப்பார். இதையெல்லாம் சொல்லியாக வேண்டும். கெட்டவரை எதிர்ப்பது ஒரு மாதிரி. அவசரத்துக்கு உதவிய மனுசனிடம் போய் “எடை குறையுதுண்ணா” என்று கேட்பது வேறு மாதிரி. வாயைத் திறக்கும்போதே நன்றி கெட்டவள் என்ற பேர் வந்து நிற்கும்.

ஆயிரம் பீடிக்கு 600 கிராம் இலை என்பது அவர் சொல்லும் கணக்கு. அம்மா எப்படி வெட்டினாலும் எண்ணூற்று எழுபது, எண்ணூற்று எண்பதுக்கு மேல் வராது. மீதிக்குக் கடையில் இலை வாங்கிப் போட்டு ஆயிரத்தை நிரப்புவாள். “உனக்கு வெட்டத் தெரியல, ஓரத்துல வேஸ்ட் பண்றே” என்பார் அண்ணன். பதினோரு வருசம் அம்மா அதை நம்பினாள். கத்தரியை மாற்றினாள், தகட்டை மாற்றினாள், ராத்திரியில் சிமினி விளக்கடியில் உட்கார்ந்து ஒரு இலையில் எத்தனை துண்டு விழுகிறது என்று எண்ணிப் பார்த்தாள். தப்பு தன் கையில்தான் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். காசு போனதுகூட இரண்டாம் பட்சம்.

மளிகைக் கடைத் தராசில் 520 கிராம் காட்டியது. அதுவும் தண்ணீர் தெளித்த இலை.

அதை அவள் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் போய் நிறுத்தாள். அதற்கு மறுநாளும். கடைக்காரர் “இன்னாக்கா தெனமும்?” என்று கேட்டபோது, “சும்மாதான் தம்பி” என்றாளாம். கடைசியில் ஒரு நாள் ராத்திரி என்னிடம் வந்து, என் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். தேதி, எடை, தேதி, எடை என்று கோணல் எழுத்தில் நாற்பது வரிகள். ஒன்றில்கூட 600 இல்லை.

அப்போது 2011. நான் பி.காம். இரண்டாம் வருசம். வெளியே என்ன சட்டம் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் கணக்கு தெரியும். “பாஸ் புக்கக் குடும்மா” என்றேன்.

பாஸ் புக் என்பது காண்ட்ராக்டர் எழுதித் தரும் சின்ன அட்டைப் புத்தகம். எத்தனை பீடி கொடுத்தோம், எவ்வளவு கழிவு (சரியில்லை என்று தள்ளிய பீடி), என்ன கூலி, என்ன பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். ஆயிரத்துக்கு 90 ரூபாய் கூலி, அதில் பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு 18 என்று எழுதியிருந்தது. கைக்கு 72. வருசக் கணக்காக எங்கள் வீட்டில் கிடந்த புத்தகம், நானே அதன் மேல் காபி டம்ளர் வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் படித்தேன். தொண்ணூறில் பதினெட்டு என்றால் நூற்றுக்கு 20. பல தொழில்களில் தொழிலாளி பங்கு 12 சதவீதம். பீடித் தொழிலுக்கு 10. தொழிலாளி 10 போட்டால் முதலாளி தன் பங்குக்கு 10 போட வேண்டும். இந்த 20 எங்கிருந்து வந்தது? முதலாளி போட வேண்டியதையும் சேர்த்து அம்மா கூலியில் பிடித்திருந்தார்கள். முதலாளியின் பங்கைத் தொழிலாளியிடமிருந்து பிடிக்கக் கூடாது என்று பி.எஃப். திட்டத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. அது பிறகுதான் தெரிந்தது.

அதே சமயம் கோடி வீட்டு அத்தைக்கு 58 வயசு முடிந்தது. பென்ஷன் கேட்கப் போனவரிடம், பத்து வருசக் கணக்கு இல்லை, பென்ஷன் வராது என்று சொல்லிவிட்டார்கள். அத்தையிடம் பதினாலு வருசத்துப் பாஸ் புக்குகள் பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தன. எல்லாவற்றிலும் பிடித்தம் இருந்தது. போய்ச் சேர்ந்ததோ ஆறு வருசத்துச் சொச்சம்தான். அத்தை திண்ணையில் உட்கார்ந்து அழவில்லை. “அப்போ நான் சுருட்னது எல்லாம் எங்கடி போச்சு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலூர்ப் பக்கம் எதிர்ப்பு என்றாலே கோட்டையைக் காட்டுவார்கள். 1806 ஜூலை 10, சிப்பாய்கள், தலைப்பாகை. பள்ளியில் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் அந்தக் கதையில் எல்லாரும் ஒரே ராத்திரியில் எழுந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் அப்படி நடக்கவில்லை. நாலு பெண்கள் சேருவதற்கே மூன்று மாதம் ஆனது. பீடி சுற்றுகிறவர்கள் ஆலைத் தொழிலாளி மாதிரி ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. அவரவர் வீட்டில், அவரவர் முறத்தோடு தனியாக இருக்கிறோம். பீடி கொடுக்க வரிசையில் நிற்கும் அரை மணி நேரம்தான் சந்திப்பு, அங்கேயும் அண்ணன் எதிரே உட்கார்ந்திருப்பார். ஆகவே அம்மா தண்ணீர்க் குழாயடியில்தான் பேசினாள். அதுவும் “ஏமாத்துறான்” என்று சொல்லவில்லை. “உன் இலைய ஒரு வாட்டி நிறுத்துப் பாருமே” என்று மட்டும் சொல்வாள். நிறுத்தவள் தானாகவே திரும்பி வருவாள். இதை நான் அம்மாவிடம்தான் கற்றேன்.

அம்மா, கோடி வீட்டு அத்தை, தையல்கார அக்கா, பாய் வீட்டம்மா. நாலு பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தேதி, இலை எடை, தூள் எடை, கொடுத்த பீடி, கழிவு, கைக்கு வந்த காசு. படிக்காதவர்களுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதின. அன்றன்றைக்கே எழுதணும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்தையும் நிரப்பக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. பின்னாடி விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பார்த்தது எழுத்தின் மையைத்தான். ஒரே பேனா, ஒரே நாள் எழுதின மாதிரி இருக்கிறதா என்று. எங்கள் நோட்டுகளில் நீலம், கறுப்பு, பென்சில், ஒரு பக்கத்தில் சாம்பார்க் கறை எல்லாம் இருந்தது.

இனி நான் செய்த தப்புகள். முதல் மனுவை நான்தான் எழுதினேன். மூன்று பக்கம். ‘ஏழைகளின் இரத்தத்தை உறிஞ்சும்’ என்று ஆரம்பித்தது. இலை எடை, கழிவு, பி.எஃப்., முன்பணம், அண்ணன் ஒரு தடவை பாய் வீட்டம்மாவைத் திட்டியது, எல்லாம் ஒரே மனுவில். கோபம் இருந்தது, கம்பெனி பெயர் முழுசாக இல்லை, பி.எஃப். எண் இல்லை, தேதி இல்லை. நகல்கூட எடுத்து வைக்கவில்லை. அது எங்கே போனது என்று இன்று வரை தெரியாது.

இரண்டாவது தப்பு, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போட்டது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன், திரும்பி வந்தது. தமிழ்நாடு அரசு அலுவலகத்துக்கு அந்த ஸ்டாம்ப் செல்லும். பி.எஃப். மத்திய அரசு அமைப்பு, அங்கே செல்லாது. தபால் ஆபீசில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கி இணைக்க வேண்டும். இந்தச் சின்ன விசயத்தில் ஒரு மாதம் போனது. இன்னொன்று: அடுத்தவர் கணக்கைக் கேட்டால் அந்தரங்கத் தகவல் என்று மறுக்கலாம். ஆகவே ஒவ்வொருத்தரும் தன் பெயரில், தன் கணக்கை மட்டும் கேட்டோம். என் கணக்கில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை எவ்வளவு செலுத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதிகாரியைக் குற்றம் சாட்டுகிற கேள்வி, ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்கிற கேள்வி எதுவும் இல்லை. 30 நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எங்களுக்குப் பதில் வந்தது.

அந்தக் காகிதங்களைப் பாஸ் புக்கோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ராத்திரி மறக்காது. தையல்கார அக்கா கணக்கில் ஒரு முழு வருசம் வெறும் கோடு. அந்த வருசம்தான் அவர் மாசமாக இருந்து, ஒன்பதாம் மாதம் வரை சுருட்டியது.

தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் அறிமுகமானது இதற்குப் பிறகுதான். வயசானவர், சைக்கிளில் வருவார், டீ மட்டும் குடிப்பார். அவர்தான் இரண்டு விசயம் சொன்னார். ஒன்று, பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது வெறும் பாக்கி இல்லை, நம்பிக்கை மோசடிக் குற்றம். அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 405-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே அது இருந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 316. இரண்டு, “நீங்க இன்னாத்துக்கு அவரோட சண்ட போடறீங்க? காண்ட்ராக்டர் கட்டலன்னா கம்பெனி கட்டணும்.” ஒப்பந்தக்காரர் மூலமாக வேலை வாங்கினாலும் இரண்டு பங்கையும் செலுத்துகிற பொறுப்பு மூல முதலாளிக்கு உண்டு. இது தெரிந்ததும் எங்கள் மனுவின் முகவரியே மாறிவிட்டது. அண்ணனோடு முகத்துக்கு முகம் நிற்க வேண்டாம் என்பதே பாதிப் பயத்தைக் குறைத்தது என்று தோன்றுகிறது.

புது மனு ஒரே பக்கம். ஒரே விசயம், பி.எஃப். மட்டும். இலை எடையைத் தனியாகத் தொழிலாளர் துறைக்கு எழுதினோம். பி.எஃப். மனுவைப் பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டையோடு அனுப்பினோம். அதன் நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் கொடுத்து எண் வாங்கிக்கொண்டோம். பி.எஃப். கலெக்டர் கையில் இல்லை என்று தெரியும். ஆனால் எங்கள் புகார் எந்தத் தேதியில் அரசாங்கத்துக்குத் தெரிந்தது என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். அதற்காக.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, செய்தி போய்விட்டது. அம்மா இலையை நிறுத்துப் பார்த்தாள், அண்ணன் இலையை நிறுத்திவிட்டார்.

திட்டவில்லை, மிரட்டவில்லை. “ஸ்டாக்கு வரலம்மா, அடுத்த வாரம் பாக்கலாம்” என்றார். வரிசையில் மற்றவர்களுக்கு இலை போய்க்கொண்டே இருந்தது. அம்மா வெறும் கூடையோடு திரும்பி வந்தாள். இரண்டாவது வாரம் அண்ணனின் வீட்டம்மா பழத்தோடு வந்து, “பொண்ணு காலேஜ் படிக்குது, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும், கேஸு கோர்ட்டுன்னா நாலு பேர் இன்னா பேசுவாங்க?” என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதைவிட நேரடியான மிரட்டலை நான் இன்றுவரை கேட்டதில்லை. நைனா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. “உட்டுடு. நாம இன்னாத்துக்கு? இருக்கறத வெச்சிகினு போய்ச் சேருவோம்” என்றார். நைனாவைக் கோழை என்று அப்போது நினைத்தேன். தறியில் வாரக் கூலி வாங்குகிறவருக்கு, வீட்டின் இன்னொரு கூலியும் நின்றால் என்ன ஆகும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அந்த ஏழு வாரத்தை எப்படி ஓட்டினோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். நெல்லூர்ப்பேட்டையில் சித்தி ஒருத்தி வேறு கம்பெனிக்குச் சுருட்டுவாள். அவள் பாஸ் புக்கில் அம்மா பாதி சுருட்டினாள். அதுவே தப்பான வழிதான், அப்படித்தான் பலருடைய கணக்கு காணாமல் போகிறது. தெரிந்தேதான் செய்தோம். தையல்கார அக்கா ஜாக்கெட் தைத்தார். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்து இரண்டாயிரம் கடன். யாரையாவது எதிர்த்து நிற்கப் போகிறீர்கள் என்றால், முதலில் இரண்டு மாதம் அடுப்பு எரிய என்ன வழி என்று உட்கார்ந்து பேசுங்கள். மனு எழுதுவது அதற்குப் பிறகு. நாங்கள் மாற்றிச் செய்தோம்.

பாய் வீட்டம்மா விலகிவிட்டார். மகள் நிக்காஹுக்கு அண்ணனிடம் வாங்கிய கடன் இருந்தது. தையல்கார அக்கா அவரோடு பேச்சையே நிறுத்தினார். “பயந்தாங்கொள்ளி, துரோகி” என்றெல்லாம் குழாயடியில் பேச்சு. ஒரு மாதம் கழித்து, இருட்டின பிறகு அந்த அம்மாவின் பேத்தி ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு ஓடிப்போனாள். உள்ளே அவருடைய ஏழு வருசப் பாஸ் புக்குகளின் ஜெராக்ஸ். பேரில் மட்டும் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். சேர்ந்து நிற்க முடியாதவர்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு அந்த மஞ்சள் பை ஞாபகம் வரும்.

ஜெராக்ஸ் என்றதும் இன்னொன்று. இலை நின்ற மூன்றாவது வாரம், “கம்பெனியில கணக்கு சரி பண்றாங்க, பழைய புக்கெல்லாம் குடுங்க, புதுசு போட்டுத் தர்றோம்” என்று சொல்லித் தெரு முழுக்கப் பாஸ் புக்குகளை வாங்கினார்கள். கொடுத்த பலருக்கு அது திரும்பி வரவே இல்லை. எங்களிடம் இரண்டு நாள் முன்புதான் முன் அட்டை முதல் பின் அட்டை வரை பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்திருந்தோம். அசல் புத்தகத்தை, “தேடறோம்ணா, கிடைக்கல” என்று கொடுக்கவே இல்லை. பொய்தான். அம்மாவுக்குக் கை நடுங்கியது.

விசாரணைக்கு நாள் குறித்துத் தபால் வந்தபோது கிட்டத்தட்ட எட்டு மாதம் ஆகியிருந்தது. பி.எஃப். சட்டத்தில் 7-ஏ விசாரணை என்பார்கள். யாரெல்லாம் தொழிலாளி, எவ்வளவு பாக்கி என்று தீர்மானிக்கிற விசாரணை. ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லிக் கம்பெனிக்கே உத்தரவு போடும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு உண்டு. அன்றுதான் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கியது. கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி என்று பஸ் போகும்போது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே உதடு அசைத்துக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்கிறாளாம். நாலு பேர் கிளம்புவோம் என்று நினைத்தோம், பஸ் ஸ்டாண்டில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். பாஸ் புக்கைப் பறிகொடுத்தவர்கள். அண்ணன் செய்த அந்தக் காரியம்தான் எங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னது இதுதான்: இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் இல்லை, வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் விருப்பப்பட்டுச் சுருட்டுகிறார்கள், எங்கள் மேற்பார்வை எதுவும் கிடையாது. அம்மா மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோனது. சும்மா இருக்கும் நேரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பேசுவாள் என்று நினைத்தேன், பேசவில்லை. மடியிலிருந்த பையைத் திறந்து பாஸ் புக்கை மேசையில் வைத்து, கழிவு என்று எழுதியிருந்த கட்டத்தைக் காட்டி, “சார், இது அவரு கையெழுத்துதானே?” என்றாள். அவ்வளவுதான்.

மேற்பார்வை இல்லாமலா தினமும் கழிவு போட்டார்கள்? சங்கத்துக்காரர் அதை எடுத்துக்கொண்டார். பீடித் தொழில் 1977-லேயே பி.எஃப். சட்டத்துக்குள் வந்துவிட்டது. வீட்டிலிருந்து சுருட்டுகிறவர்களும் தொழிலாளிகள்தான், தரம் பார்த்துக் கழிக்கிற உரிமையே கட்டுப்பாட்டுக்கு அடையாளம் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கைப் பற்றி எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் அம்மா விரல் வைத்த இடம் அதே இடம்.

அதற்குப் பிறகும் வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போய், பஸ் காசும் போகும். இரண்டு பேர் சலித்து நின்றுவிட்டார்கள். சங்கத்துக்காரர் பாலாற்று வழக்கைச் சொல்லுவார். தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறும் நிலமும் கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு, ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் அபராதம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்கு நாடு முழுக்க எடுத்துக்காட்டாகிற வழக்கு. “அஞ்சு வருசம் காத்திருந்தாங்கம்மா” என்பார். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை என்று இப்போது தெரிகிறது. இழப்பீடும் ஆற்றைச் சரிசெய்வதும் முடியாமல், 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் அதே விவகாரத்தில் உத்தரவு போட வேண்டியிருந்தது. நல்லவேளை, அப்போது அது தெரிந்திருந்தால் நாங்கள் வீட்டுக்குப் போயிருப்போம்.

எங்களுக்கு முதல் விசாரணையிலிருந்து பதினாலு மாதம் ஆனது. அம்மாவின் பதினோரு வருசத்தில் ஆறு வருசத்துக்குப் பணம் ஏறியது. பாஸ் புக் தொலைந்துபோன மற்ற வருசங்களுக்கு ஆதாரம் இல்லை, போனது போனதுதான். கோடி வீட்டு அத்தைக்குப் பத்து வருசம் தாண்டியது, 2014 கடைசியில் பென்ஷன் வந்தது. குறைந்தபட்சம் ஆயிரம் என்று அந்த வருசம்தான் ஆக்கியிருந்தார்கள். முதல் மாதப் பணத்தில் அத்தை எங்கள் எல்லாருக்கும் மசால்வடை வாங்கிக் கொடுத்தார். இரண்டு பங்கையும் கூலியில் பிடிப்பது எங்கள் தெருவில் நின்றது. இலை எடை சில காலம் சரியாக வந்தது. பிறகு அண்ணன் காண்ட்ராக்டை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டார், அங்கே என்ன எடை போடுகிறார் என்று தெரியாது. கோவிலில் பார்த்தால் அம்மா இப்போதும் “நல்லா கீறீங்களாண்ணா?” என்று கேட்பாள். அவரும் பதில் சொல்வார்.

இப்போது இந்த மாதிரிச் சிக்கலோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, யூ.ஏ.என்., அதாவது பி.எஃப். கணக்குக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் எண், உங்கள் போனில் இருக்கிறதா என்பதுதான். அரசாங்கத்தின் உமங் செயலியில் மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்று பார்க்கலாம். நாங்கள் எட்டு மாதம் அலைந்ததில் பாதியை அது இரண்டு நிமிடத்தில் காட்டிவிடும். ஆனால் ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப்.பில் ஒரு பெயர் என்று இருந்தால் பணம் இருந்தும் எடுக்க முடியாது. தையல்கார அக்காவுக்கு ஒன்றில் அப்பா பெயர் இனிஷியல், ஒன்றில் கணவர் பெயர். அதைத் திருத்தவே இன்னொரு வருசம். இதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே சரிசெய்து வையுங்கள். வக்கீலுக்குக் காசு இல்லை என்று யாரும் உட்கார வேண்டாம். 1987-ஆம் வருசச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் போதும். எங்களுக்கு இது தெரியாமலே வழக்கு முடிந்தது. தொழிலாளர் சட்டங்கள் புதுத் தொகுப்புகளாக மாறியிருக்கின்றன, ஆகவே பழைய பிரிவு எண்களை மனுவில் அடுக்காதீர்கள். நடந்ததை எழுதுங்கள், எண்ணை அதிகாரி போட்டுக்கொள்வார். விசாரணைக்குத் தனியாகப் போகாதீர்கள். பேசத் தெரிந்தவர்தான் வேண்டும் என்றில்லை, பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்தால் போதும்.

அம்மா பீடி சுற்றுவதை விட்டு ஐந்து வருசம் ஆகிறது. தூள் நெஞ்சில் ஏறி இருமல். முறம் இப்போது அரிசி புடைக்க. ஆனால் அந்தத் தகடும் கத்தரியும் இன்னும் அடுக்கில் இருக்கின்றன. மளிகைக் கடைக்காரர் எலக்ட்ரானிக் தராசு வாங்கிவிட்டார்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவள், கல்யாணமாகி ஆறு மாதம். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்திருக்கிறதாம், போனில் பார்த்தால் நாலு மாதமாக ஏறவில்லையாம். கேட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றாள். அவள் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் குரல் வந்தது.

“சீட்டு எத்தினி கீது? எல்லாத்தயும் ஜெராக்ஸ் எடுத்துகினு வாமே. அப்பறம் உக்காந்து பேசலாம்.”